அந்த 'எம்' எதுக்குங்க?

என் இடது முழங்காலுக்கும் ஜி.எஸ்.டி. ரோட்டுக்கும் ஒத்துவரவில்லை. சேலையூரிலிருந்து பல்லாவரம் போய்வர வண்டி ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது, கால் வேண்டும். கேம்ப் ரோடு சிக்னல், தாம்பரம், சானடோரியம், குரோம்பேட்டை என்று பத்தடிக்கு ஒரு தரம் கிளட்ச்சை மிதித்து, விட்டு, மறுபடி மிதித்து... ஒருநாள் வேலைமெனக்கெட்டு எண்ணிப் பார்த்தேன். குரோம்பேட்டை வருவதற்குள் இருநூறைத் தாண்டிவிட்டது. எண்ணுவதை விட்டுவிட்டேன். கிளட்ச்சை விட முடியவில்லை.

எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஒண்ணு மூட்டை மாத்தணும், இல்லாட்டி வண்டியை மாத்தணும்" என்றார்.

விசாரித்ததில் வண்டி மலிவு.

மேடவாக்கத்தில் இருக்கிற மாப்பிள்ளை, "ஆட்டோமேட்டிக் வாங்கிடுங்க மாமா. கிளட்சே கிடையாது. ஆக்ஸிலேட்டர், பிரேக், அவ்வளவுதான்" என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. கியர் போடாமல் ஓட்டுவது ஒரு ஓட்டா? நான் 1987-ல் தாம்பரத்தில் ஒரு அம்பாசடரில் ஓட்டக் கற்றுக்கொண்டவன். கியர் கம்பி ஸ்டியரிங்கை ஒட்டி நீட்டிக்கொண்டிருக்கும். டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் திரிசூலம் கல்குவாரிப் பக்கம் கூட்டிப்போய், ஏற்றத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி, பின் சக்கரத்துக்குக் கீழே ஒரு தீப்பெட்டியை வைப்பார். வண்டி பின்னால் நகர்ந்து தீப்பெட்டி நசுங்கினால் அன்றைக்கு டீ நம் செலவு. அந்த மாதம் நான் வாங்கிக்கொடுத்த டீக்கு ஒரு கடையே வைத்திருக்கலாம். அப்படிப் படித்த ஹாஃப் கிளட்ச் வித்தையை முழங்காலுக்காக விட்டுக்கொடுப்பதா?

விட்டுக்கொடுத்தேன். மூன்று வருஷம் ஓடின ஒரு சின்ன கார் கைக்கு வந்தது. எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். வண்டி மேல் தப்பில்லை. இந்தக் கதையில் தப்பெல்லாம் ஓட்டினவன் மேல்.

அதை ஏ.எம்.டி. என்கிறார்கள். இந்தியாவில் 2014 பிப்ரவரியில் மாருதி செலேரியோவோடு வந்திறங்கிய சமாசாரம். அதற்கு முன்பும் நம் ஊரில் ஆட்டோமேட்டிக் கார்கள் உண்டு. ஆனால் விலையும் பெட்ரோல் செலவும் கூடுதல். ஏ.எம்.டி. வந்த பிறகுதான் என்னைப் போன்ற பென்ஷன்காரர்கள் கண்ணுக்கு ஆட்டோமேட்டிக் தென்பட்டது.

கியர் கம்பியைச் சுற்றி எழுத்துக்கள். ஆர் என்றால் ரிவர்ஸ். என் என்றால் நியூட்ரல். டி என்றால் டிரைவ், அதாவது போ. டி-க்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சந்து. கம்பியை அங்கே தள்ளினால் எம். அதற்கு முன்னாலும் பின்னாலும் பிளஸ், மைனஸ்.

வண்டி எடுத்த அன்றைக்கே என் மனைவி கேட்டாள்: "அந்த 'எம்' எதுக்குங்க?"

"அது மேனுவல். ரேஸ் ஓட்டற பசங்களுக்கு. நமக்கு வேண்டாம்."

முப்பத்தோரு வருஷம் தாலுகா ஆபீசில் இருந்தவன் நான். தெரியாத விஷயத்துக்கு உடனே பதில் சொல்லும் பழக்கம் அங்கிருந்து வந்தது.

*

கொஞ்ச நாள் எல்லாம் சுகமாகப் போயிற்று. முழங்கால் வீக்கம் வற்றியது. ஒரே ஒரு அவமானம், பெருங்களத்தூர் மேம்பாலத்து ஏற்றத்தில் நெரிசலில் நின்று கிளம்பும்போது நடந்தது. பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் வண்டி ஒரு முழம் பின்னால் போய்விட்டது. பின்னால் ஸ்கூட்டரில் இருந்த பெண்மணி கத்தியதில் தீப்பெட்டி ஞாபகம் வந்தது. ஆட்டோமேட்டிக் என்றால் பின்னால் உருளாது என்று யாரோ சொன்னதை நம்பியிருந்தேன். எல்லா ஆட்டோமேட்டிக்கும் அப்படி இல்லை. ஏற்றத்தில் தாமாகவே பிடித்து நிறுத்திக்கொள்ளும் வசதி சில வண்டிகளில் உண்டு. என்னுடையதில் இல்லை. ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்து, வண்டி முன்னால் இழுக்கிறபோது எடுக்க வேண்டும். மாஸ்டர் பாடம் மறுபடி உபயோகப்பட்டது.

2023 மே மாதம், பேத்திக்கு லீவு. "ஏற்காடு போலாம் தாத்தா" என்றாள். நான், மனைவி, பேத்தி. பெண்ணும் மாப்பிள்ளையும் பஸ்ஸில் வந்து சேர்ந்துகொள்வதாக ஏற்பாடு. செங்கல்பட்டு, திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்பேட்டையில் திரும்பி ஆத்தூர் வழியாக சேலம். நால்வழிச் சாலையில் டி-யில் போட்டால் வண்டி எருமை மாதிரி பொறுமையாகப் போகும். உளுந்தூர்பேட்டையில் டீக்கு நிறுத்தினபோது டாஷ்போர்டு கடிகாரம் அரைமணி தப்பாக ஓடுகிறதே என்று, மனைவி வண்டியோடு வந்த புத்தகத்தை எடுத்துப் படிக்க ஆரம்பித்தாள். நான் அதைப் பிரித்ததே இல்லை. கார் ஓட்டத் தெரிந்தவன் கார் புத்தகம் படிப்பானா?

ஏற்காட்டுக்கு அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போதே வண்டி எனக்கு ஏதோ சொல்லிப் பார்த்தது. வளைவு வந்ததும் காலை எடுப்பேன். 'ஓகோ, ஏற்றம் முடிந்தது போலிருக்கிறது' என்று வண்டி மூன்றாவது கியருக்குப் போய்விடும். வளைவைத் திரும்பி ஆக்ஸிலேட்டரை மிதித்தால் மூன்றில் இழுக்காது. முக்கி, முனகி, ஒரு குலுக்கலோடு இரண்டுக்கு இறங்கும். அதற்குள் அடுத்த வளைவு. மறுபடி மூன்று. தவறான ஃபைலை எடுத்துவிட்டு அசடு வழியும் புது குமாஸ்தா மாதிரி இருபது வளைவும் தடுமாறியது. "மலைக்கு லாயக்கில்லாத வண்டி" என்று தீர்ப்பு சொன்னேன். யாரும் மறுக்கவில்லை.

ஏரி, படகு, பக்கோடா பாயிண்ட் எல்லாம் நீங்கள் பார்த்திருப்பீர்கள். மூன்றாம் நாள் காலை இறங்கினோம்.

இறங்கும்போது வளைவு எண்கள் இருபதிலிருந்து ஒன்றுக்கு வரும். டி-யில் போட்டு, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல், பிரேக்கில் மட்டும் காலை வைத்துக்கொண்டு இறங்கினேன். இதைவிட சுலபம் எது? பதினாலாவது வளைவு வாக்கில் ஒரு வாசனை. ரப்பரும் தகரமும் சேர்ந்து கருகுகிற மாதிரி.

"என்னவோ தீயுதுங்க" என்றாள்.

"முன்னாடி போற வண்டி. அவனுக்கு ஓட்டத் தெரியலை."

முன்னால் போன வண்டி ஓரம் கட்டி எங்களை விட்டது. வாசனை எங்களோடேயே வந்தது.

ஒன்பதாவது வளைவுக்கு முன்னால் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி ஆயிற்று. வழக்கமாக ஓர் அங்குலத்தில் பிடிக்கிறது, இரண்டு அங்குலம் போயும் யோசித்தது. மறுபடி மிதித்தேன். இன்னும் ஆழமாகப் போயிற்று. வண்டி நாற்பத்தைந்தில் போய்க்கொண்டிருந்தது. முன்னால் வளைவு, வளைவுக்கு அந்தப் பக்கம் ஏறிவருகிற பஸ்ஸின் ஹாரன், ஓரத்தில் இடுப்பளவு சுவர், அதற்கு அப்பால் சேலம் மாநகரம் பொட்டுப் பொட்டாக. பின் சீட்டில் பேத்தி பலாச்சுளை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்தே அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"ஏங்க, அந்த எம்-ல போடுங்க. சின்ன கியர் வருமாம். இறக்கத்துல அதுதான் போடணும்னு புக்ல இருக்கு."

போட்டேன். கம்பியைச் சந்துக்குள் தள்ளினேன். டிஸ்பிளேயில் 3 என்று வந்தது. அதாவது அதுவரை மூன்றாவது கியரில் இறங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். மைனஸ் பக்கம் ஒரு தட்டு. 2. எஞ்சின் திடீரென்று அலறியது. பின்னால் யாரோ நாலு பேர் கயிறு கட்டி இழுத்த மாதிரி வண்டி தயங்கி, நாற்பது, முப்பத்தைந்து என்று குறைந்தது. பதற்றத்தில் இன்னொரு தரம் மைனஸ். 'பீப்' என்று சத்தம் போட்டது, கியர் மாறவில்லை. மறுத்துவிட்டது! பஸ் எங்களைக் கடந்து போயிற்று. முப்பதில் வளைவைத் திரும்பினோம். வேகம் இருபதுக்குப் பக்கம் வந்தபோது மறுபடி மைனஸைத் தட்டினேன். இந்தத் தடவை சம்மதித்தது. 1. நடக்கிற வேகத்தில் ஊர்ந்து, அகலமான ஓர் இடத்தில் ஓரம் கட்டி ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன்.

"தாத்தா, வண்டி ஏன் கத்துச்சு?" என்று கேட்டாள் பேத்தி. எனக்கு உடனே பதில் வரவில்லை. தாலுகா ஆபீஸ் பழக்கம் முதல்முறையாகக் கைவிட்டது.

முன் சக்கரங்களிலிருந்து லேசாகப் புகை. தண்ணீர் பாட்டிலோடு ஓடினேன். மேலேயிருந்து காப்பி மூட்டை ஏற்றிவந்த ஒரு ஜீப் நின்றது. டிரைவருக்கு முப்பது வயசிருக்கும்.

"ஏனுங்க, தண்ணி ஊத்தாதீங்க! டிஸ்க்கு கோணிக்கும். சும்மா வுட்டா தானா ஆறும்." சக்கரத்துக்குப் பக்கம் குனிந்து மோந்து பார்த்தார். "ஆட்டோமேட்டிக்குங்களா? டி-லயே இறங்கிட்டீங்களா?"

தலையாட்டினேன்.

"ஏறுன கியர்லதானுங்க இறங்கோணும்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அச்சு அசலாக மாஸ்டர் வசனம். திரிசூலம் மேட்டிலிருந்து இறங்கும்போதெல்லாம் சொல்வார். அம்பாசடரில் முப்பது வருஷம் முன்னால் மறக்காமல் செய்ததை, கியரே இல்லாத வண்டி என்ற நினைப்பில் மறந்துவிட்டேன். கியர் இல்லாமல் எங்கே போகும்? எனக்குத் தெரியாமல் உள்ளே ஒளிந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். பெடல் மறுபடி கொஞ்சம் கெட்டிப்பட்டது. மீதி வளைவுகளை முதல் கியரிலும் இரண்டாவதிலுமாக, பின்னால் வந்தவர்கள் வைததைப் பொருட்படுத்தாமல் இறங்கினேன். சேலத்தில் ஒரு பட்டறையில் பிரேக்கைப் பார்த்த பிறகுதான் தாம்பரம் பக்கம் வண்டியைத் திருப்பினேன்.

*

எனக்குக் கணக்கில் கொஞ்சம் ஆசை உண்டு. வீட்டுக்கு வந்ததும் போட்டுப் பார்த்தேன். ஆட்களோடு சேர்த்து வண்டி 1,200 கிலோ என்று வையுங்கள். இறங்கின உயரம் சுமார் 1,000 மீட்டர். இரண்டையும் பெருக்கி, புவியீர்ப்புக்காக 9.8-ஆலும் பெருக்கினால் கிட்டத்தட்ட 1 கோடியே 18 லட்சம் ஜூல். மின்சார வாரியக் கணக்கில் மூணேகால் யூனிட். நாற்பது லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். ஒரு கல்யாண அண்டா. டயரும் காற்றும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். மிச்ச சூடு அத்தனையையும் முன்னால் இரண்டு தட்டு, பின்னால் இரண்டு டிரம் தலையில் நான் கட்டியிருக்கிறேன்.

சேலையூரில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவர், பாய். வண்டியைத் தூக்கிச் சக்கரத்தைக் கழற்றினார். பிரேக் பேட் கண்ணாடி மாதிரி வழவழவென்று மின்னியது. பிரேக் ஆயிலை எடுத்துக் காட்டினார். டிகாக்ஷன் நிறம்.

"இத எப்ப மாத்துனீங்க சார்?"

"மாத்தணுமா?"

பாய் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிரேக் ஆயில் காற்றிலிருக்கிற ஈரத்தை உறிஞ்சும். புது ஆயில், டாட்-3 ரகம், குறைந்தபட்சம் 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறினது 140-லேயே கொதிக்க ஆரம்பிக்கலாம். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். காலால் நான் மிதித்த மிதி அத்தனையும் குமிழை நசுக்குவதில் போயிருக்கிறது. பஞ்சு மாதிரி இருந்ததன் ரகசியம் அது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள்.

"சரி பாய், இந்த எம் உள்ள என்ன பண்ணுது?"

பாய்க்கு உற்சாகம் வந்துவிட்டது. மூலையில் பிரித்துப்போட்டிருந்த ஒரு ஏ.எம்.டி. கியர் பெட்டிக்குக் கூட்டிப்போனார். நான் ஏதோ அதிசயத்தை எதிர்பார்த்தேன். பார்த்தால் சாதாரண மேனுவல் கியர் பெட்டி! அதே பல் சக்கரங்கள், அதே கிளட்ச் பிளேட். மேலே மட்டும் ஒரு டப்பா, சின்ன மோட்டார், பம்ப், வால்வு, குழாய்.

"இதான் சார் டிரைவரு" என்று டப்பாவைத் தட்டினார். "ஒரு கை கிளட்ச்சை அமுக்கும், ஒரு கை கியரைத் தள்ளும். நம்ம காலு, கை பண்ற வேலைய ஆயில் பிரஷர்ல இது பண்ணுது. மூளை தனியா ஒரு பொட்டில கீது. டி-ல போட்டா எப்போ எந்த கியருன்னு அந்த மூளை முடிவு பண்ணும். நீ கால எடுத்தா அது இன்னா நெனைக்கும்? இவருக்கு பவர் வேணாம் போல, மேல் கியர் போட்டு பெட்ரோல் மிச்சம் பண்ணலாம்னு நெனைக்கும். இறக்கமா, மேடா, பின்னாடி பேத்தி கீதா, அதுக்கு இன்னா தெரியும்?"

"எம்-ல?"

"எம்-ல கேக்கறது நீங்க. ஆனா குடுக்கறது அதுதான். கம்பிக்கும் கியருக்கும் நடுவுல வெறும் ஒயருதான் சார். பிளஸ் தட்டுனா ஒரு சிக்னல் போவும். வண்டி ஸ்பீடு, எஞ்சின் சுத்து எல்லாம் பாத்துட்டு சரின்னா மாத்தும். இல்லாட்டி பீப்பு."

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. மனு! முப்பத்தோரு வருஷம் நான் வாங்கின மனு. ஜனங்கள் கொடுப்பார்கள், நாங்கள் பரிசீலிப்போம், விதிக்கு உட்பட்டால் ஆணை, இல்லாவிட்டால் நிராகரிப்பு. பழைய அம்பாசடரில் நான் முதலாளி. தப்பான கியரைப் போட்டால் பல் சக்கரம் கதறும், உடையும், என் இஷ்டம். இப்போது நான் மனுதாரர். அந்தப் பீப் நிராகரிப்பு ஆணை. நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் நான் முதல் கியர் கேட்டது அப்பட்டமான விதிமீறல். கொடுத்திருந்தால் என் வண்டியில் எஞ்சின் ஆறாயிரம் சுற்றுக்குப் பக்கம் போய், சக்கரம் வழுக்கி, வளைவில் என்ன ஆகியிருக்குமோ. எங்கள் ஆபீசில் இவ்வளவு சீக்கிரம், இவ்வளவு நியாயமாக ஒரு மனுவும் தீர்ந்ததில்லை. காலில் ஒரு விநாடிகூட ஆகவில்லை.

மனு கொடுக்காமல் சும்மா இருந்தாலும் ஓரளவு பார்த்துக்கொள்ளும். எம்-மில் மூன்றில் போட்டுவிட்டு சிக்னலில் நின்றால், எஞ்சின் அணையவிடாமல் அதுவே படிப்படியாக முதல் கியருக்கு வந்துவிடும். மேலே ஏற்றுவதில் வண்டிக்கு வண்டி குணம் மாறும். சிலது எஞ்சின் உச்ச சுற்றுக்குப் போனதும் தானே அடுத்த கியர் போடும். சிலது நீங்கள் கேட்கும் வரை அலறிக்கொண்டே இருக்கும்.

சின்ன கியர் எப்படி வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது என்பதற்கும் பாய் விடை வைத்திருந்தார். பெட்ரோல் எஞ்சினில் ஆக்ஸிலேட்டரை விட்டால் காற்று உள்ளே போகிற கதவு மூடிக்கொள்ளும். பிஸ்டன்கள் மூடின கதவு வழியாக மூச்சிழுக்கத் திணறும். மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிற மாதிரி. அந்தத் திணறல்தான் பிரேக். இரண்டாவது கியரில் எஞ்சின் வேகமாகச் சுற்றுவதால் திணறல் அதிகம், பிடிப்பும் அதிகம். பெட்ரோலும் செலவில்லை. காலை எடுத்துவிட்டு கியரில் இறங்கும்போது, இப்போதைய எஞ்சின்களில் பெட்ரோல் ஊசியே நின்றுவிடும். மிச்சம் பிடிப்பதாக நினைத்து நியூட்ரலில் மலை இறங்குகிறவர்கள் கவனிக்க: நியூட்ரலில் எஞ்சின் தன்னைத் தானே ஓட்டிக்கொள்ளப் பெட்ரோல் வேண்டும். மிச்சமும் இல்லை, பிடிப்பும் இல்லை.

*

'ரேஸ் பசங்களுக்கு' என்று நான் சொன்னது முழுப் பொய்யில்லை என்று பிற்பாடு தெரிந்து கொஞ்சம் ஆறுதல். 1989-ல் ஃபெராரி, ஃபார்முலா ஒன் காரில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இரண்டு துடுப்பு வைத்தது. ஒன்றை இழுத்தால் கியர் மேலே, இன்னொன்றை இழுத்தால் கீழே. ரியோவில் நடந்த முதல் பந்தயத்தில் நைஜல் மான்செல் ஓட்டினார். பயிற்சியிலெல்லாம் வண்டி படுத்துக்கொண்டே இருந்ததால், பாதியில் நின்றுவிடும் என்று சீக்கிரம் கிளம்புகிற விமானத்தில் இடம் போட்டு வைத்திருந்தாராம். ஜெயித்துவிட்டார். விமானம் போயிருக்கும். 1997-ல் அதே மாதிரி துடுப்பு ஃபெராரியின் தெரு வண்டியிலும் வந்தது. அதைச் செய்ய உதவிய இத்தாலியின் மாக்னெட்டி மரேல்லி கம்பெனிதான் 2014-ல் செலேரியோவின் ஏ.எம்.டி. சரக்கையும் கொடுத்தது. ரியோவிலிருந்து சேலையூருக்கு இருபத்தைந்து வருஷம். நம் ஊர்ப் பத்திரப் பதிவோடு ஒப்பிட்டால் வேகம்தான்.

நிஜ ஆட்டோமேட்டிக், அதாவது கிளட்ச் பிளேட்டுக்குப் பதில் எண்ணெயில் சுழலும் டார்க் கன்வெர்டர் வைத்த ரகத்தில், இந்த பிளஸ்-மைனஸ் சந்தை போர்ஷே 1990 மாடலில் டிப்ட்ரானிக் என்ற பெயரில் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய ஆட்டோமேட்டிக்குகளில் டி-க்குக் கீழே 2, எல் என்று இருக்கும். 2-ல் வைத்தால் இரண்டுக்கு மேல் போகாதே என்று அர்த்தம். மலை இறங்க அதுவே போதும். டபிள் கிளட்ச் ரகத்தில் ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு இன்னொன்று. நீங்கள் கேட்பதற்கு முன்பே அடுத்த கியர் தயாராக உட்கார்ந்திருக்கும். சி.வி.டி. என்று ஒன்றிருக்கிறது. அதில் கியரே கிடையாது, பெல்ட்டும் விரிந்து சுருங்குகிற புல்லியும்தான். ஆனாலும் சிலதில் பிளஸ், மைனஸ் வைத்து ஆறு, ஏழு கியர் இருப்பதாக நடிப்பார்கள். ஆசைப்படுகிறவர்களுக்குப் பொம்மை கொடுப்பது மாதிரி. ஆனால் அந்த நடிப்பிலும் மலையில் பிடிப்பு கிடைக்கும்.

பிளஸ் எந்தப் பக்கம் என்பதில் உலகத்தில் ஒற்றுமை இல்லை. ஹூண்டாயில் முன்னால் தள்ளினால் பிளஸ். பி.எம்.டபிள்யூ.வில் பின்னால் இழுத்தால் பிளஸ். ஒன்று இருங்காட்டுக்கோட்டையில் செய்வது, இன்னொன்று மகேந்திரா சிட்டியில் பூட்டுவது. ஒரே ஜில்லாச் சுற்று வட்டாரத்தில் இரண்டு வேதம். கடன் வாங்கிய வண்டியில் மலை ஏறுகிறவர்கள் அடிவாரத்திலேயே பார்த்துவைத்துக்கொள்வது உத்தமம். ஒரகடத்திலிருந்து 2016-ல் வந்த க்விட் ஏ.எம்.டி.யில் கம்பியே இல்லை. ரேடியோ திருகு மாதிரி ஒன்று; அதில் டி, என், ஆர் மூன்றே எழுத்து. எம் கிடையாது. அதைப் படித்த அன்றைக்கு எனக்கு ஒன்பதாவது வளைவு ஞாபகம் வந்து சாப்பாடு இறங்கவில்லை.

நீலகிரியில் கல்லட்டி பாதை தெரியுமா? ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்குகிறது, முப்பத்தாறு கொண்டை ஊசி. இரண்டாவது கியரில் இறங்குங்கள் என்று போர்டு வைத்திருக்கிறார்கள். சமவெளியிலிருந்து போனவர்கள் அங்கே பிரேக் பிடிக்காமல் பள்ளத்தில் விழுந்த செய்திகளைப் பேப்பரில் எத்தனையோ தரம் படித்துவிட்டு, 'கண்மூடித்தனமா ஓட்டியிருப்பான்' என்று பக்கத்தைத் திருப்பியிருக்கிறேன். இப்போது திருப்புவதில்லை.

பாய் பில் கொடுத்தார். பேட், ஆயில், கூலி. டிஸ்க் தப்பித்தது. "வண்டி புக்கு இருந்தா ஒருதபா படிச்சுருங்க சார்" என்றார்.

"வீட்டுல ஒருத்தர் படிச்சாச்சு" என்றேன்.

*

மறுபடி மலைக்குப் போக எனக்கு எட்டு மாதம் ஆயிற்று. பொங்கல் லீவில் ஏலகிரி. வாணியம்பாடி தாண்டித் திரும்பி, பதினாலு வளைவு. ஒவ்வொரு வளைவுக்கும் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். ஏறும்போதே எம்-மில் போட்டு இரண்டில் வைத்தேன். தடுமாற்றம் இல்லை, முனகல் இல்லை, பாரதியைத் தாண்டி பாரியைப் பிடிக்கிறவரை ஒரே சீர். மலைக்கு லாயக்கில்லாத வண்டி என்று சொன்னதை மனசுக்குள் வாபஸ் வாங்கிக்கொண்டேன். வாய்விட்டு வாங்கவில்லை.

இறங்கும்போது பேத்தி ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டு வந்தாள். மனைவி டிஸ்பிளேயில் 2 இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு வந்தாள். எஞ்சின் சத்தம் போட்டது. போடட்டும். வளைவுக்கு முன்னால் மட்டும் பிரேக்கை ஒரு தடவை அழுத்தமாக மிதித்து விட்டுவிடுவேன். காலை அதன் மேலேயே வைத்துக்கொண்டிருந்தால்தான் தட்டுக்கு ஆற நேரம் கிடைக்காது.

அடிவாரத்தில் டீக்கடை ஓரம் நிறுத்தி, சக்கரத்துக்குப் பக்கத்தில் கையைக் காட்டிப் பார்த்தேன். பேத்தியும் வந்து காட்டினாள்.

"அடுப்பு மாதிரி இல்ல தாத்தா. இட்லிப் பானை அணைச்சப்புறம் இருக்குமே, அந்த மாதிரி."

மனைவி டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாள்: "அடுத்தது கொல்லிமலை. எழுபது வளைவாம்."